‘சுமார்’: அளவுப்பொருளும் தரப்பொருளும்

பாரசீகத்தில் ‘எண்ணிக்கை’ எனப் பொருள்படும் ‘ஷுமார்’ என்ற சொல்லே தமிழில் ‘சுமார்’ என வழங்குகிறது. தமிழில் இதற்கு இரு பொருள்கள் உள்ளன. எண்ணுப்பெயருக்கு முன் வரும்போது ‘ஏறத்தாழ’ (சுமார் நூறு பேர்), பயனிலையாகவோ, ‘ஆன’, ‘ஆக’ ஏற்றோ வரும்போது ‘நடுத்தரம்’ (படம் சுமார், சுமாராகப் பாடினார்). மலையாளத்தில் முதற்பொருளே பெருவழக்கு.

பாலக்காட்டுச் சித்தூரிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் இருமொழியினரும் கலந்து வாழ்வதால் இவ்வேறுபாடு வெறும் அகராதிச் சிக்கலன்று. தரப்பொருளில் வரும் ‘சுமார்’ என்பதற்கு மலையாளத் ‘தரக்கேடில்ல’ என்பதை நிகரனாகக் கொள்வது எளிது, ஆயின் பொருந்தாது. ‘தரக்கேடில்ல’ குறையை மறுத்து மதிப்பை உயர்த்துகிறது. அதற்கு இணை தமிழின் ‘பரவாயில்லை’. ‘சுமார்’ நடுநிலை போலத் தோன்றினும் கீழ்நோக்கிச் சாய்வது. இடைச்சொற்கள் இதனைத் தெளிவாக்கும்: எதிர்பார்ப்புப் பொய்த்தவிடத்து ‘சுமார்தான்’ என்பர், விஞ்சியவிடத்து ‘பரவாயில்லையே’ என்பர். ‘சராசரி’ இரு மொழிக்கும் பொதுவாயினும் கணக்கீட்டுச் சாயலுடையது. இம்மனக்குறையை அது உணர்த்தாது.

கேரள ஆட்சிமொழிகள் சட்டம் (1969) தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தமிழிலேயே எழுத இடமளிக்கிறது. ‘குடிநீரின் தரம் சுமார்’ என ஒருவர் எழுதின் அது முறையீடு. ‘தரக்கேடில்ல’ எனப் பெயர்ப்பின் அது நற்சான்றாகிவிடும். ‘அத்ர போரா’ சற்றுக் கடுமையெனினும் எழுதியவர் கருத்துக்கு அண்மையது. நடுத்தரம் சுட்டும் சொற்களைப் பெயர்ப்போர் அகராதிப் பொருளோடு அவற்றின் சாய்வையும் எடைபோடுதல் வேண்டும்.