சாங்கிச் சிறையில் ஆறு அங்குலம்

1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சாங்கிச் சிறையில் அடைபட்ட பெண்களுக்குத் துணியே அரிது. ஆனாலும் ஊசி ஓயவில்லை.

ஆளுக்கு ஆறு அங்குலச் சதுரமாக வெள்ளைத் துணி. அதில் தன்னைப் பற்றி ஏதாவது தைத்து, பெயரையும் இழைக்க வேண்டும். பூ, வீடு, கப்பல், சிறையின் அறை என்று எத்தனை கைவண்ணம்! 66 சதுரங்களை இணைத்தால் ஓர் ஒட்டுப்போர்வை. அப்படி மூன்று தைத்தார்கள். காயமுற்ற பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானிய வீரர்களுக்கு, தரப்புக்கு ஒன்றாக. ஆம், சிறைப்பிடித்தவர்களுக்கும்தான்.

வேறு முகாமிலிருந்த கணவனுக்கு அந்தப் பெயர் ஒன்று தெரிந்தால் போதும், அவள் உயிரோடிருக்கிறாள் என்று அறிந்துகொள்வான். கடிதம் போகாத இடத்துக்கு நூல் போனது.

அவற்றில் இரண்டு இன்று கான்பராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. அத்தனை கையெழுத்தும் நூலில்.