பந்துப் படம் மட்டும் போதுமா? உலோகக் கலவைப் பாடக் குறிப்புகள் மீது ஒரு பார்வை

உலோகக் கலவை பற்றி நாம் தயாரித்துப் பகிரும் பயிற்றிகளில் ஒரே படம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே அளவுப் பந்துகள் வரிசையாக இருந்தால் தூய உலோகம். நடுவே வேறு அளவுப் பந்து புகுந்தால் கலவை. அடுக்குகள் வழுக்குவது தடைபடுவதால் கலவை கடினமாகிறது. மாணவர்களும் இதை அப்படியே எழுதி முழுப் புள்ளி வாங்கிடுறாங்க.

படம் தவறில்லை. செம்பில் கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்த வெண்கலம் ஏன் செம்பைவிடக் கடினமாக இருக்கிறது என்பதற்கு அது நல்ல விளக்கம். ஆனால் எதை, எவ்வளவு சேர்த்தோம் என்பதோடு படம் நின்றுவிடுகிறது. உருகிய உலோகம் எப்படி உறைந்தது என்ற கேள்வியே எழுவதில்லை.

வார்ப்பிரும்பை எடுத்துக்கொள்வோம். அதில் கார்பன் ஏறக்குறைய 3 விழுக்காடு. ஒரே உருக்கிலிருந்து ஒரே அச்சில் ஊற்றினாலும், மெல்லிய ஓரம் சீக்கிரம் உறைந்தால் அங்கே கார்பன் இரும்போடு சேர்ந்து இரும்புக் கார்பைடாகிவிடும். உடைத்த முகம் வெள்ளையாக இருக்கும், அரம்கூட ஏறாது. தடித்த நடுப்பகுதி மெதுவாக உறையும்போது கார்பன் கிராஃபைட் செதில்களாகப் பிரிகிறது. உடைத்த முகம் சாம்பல் நிறம்; சுலபமாகத் துளையிடலாம். கலவை ஒன்றுதான், குணம் இரண்டு. பந்துப் படத்தை மட்டும் வைத்து இதை எப்படி விளக்குவீங்க?

வார்ப்பிரும்புத் தோசைக்கல் கீழே விழுந்தால் வளையாது, உடையும். உள்ளே இருக்கும் கிராஃபைட் செதில்கள் நுண்ணிய விரிசல்களைப் போல நடந்துகொள்கின்றன. உருகிய இரும்பில் சிறிதளவு மக்னீசியம் சேர்த்தால் அதே கிராஃபைட் உருண்டைகளாக வளரும். அந்த இரும்பு உடையுமுன் ஓரளவு வளைந்துகொடுக்கும். கார்பனின் அளவு மாறவில்லை, அதன் வடிவம்தான் மாறியது.

இது தேர்வுக்கு அப்பாற்பட்ட விஷயம் என்று ஒதுக்க முடியாது. நம் பிள்ளைகளில் பலர் தொழிற்கல்லூரிக்கும் பட்டறைக்கும் போகிறார்கள். வார்ப்பிரும்பைப் பற்றவைத்துவிட்டு வேகமாக ஆறவிட்டால், பற்றுக்கு அருகே நொறுங்கும் பகுதி உருவாகி விரிசல் விடும். பந்துப் படத்தோடு நின்ற மாணவனுக்கு அதன் காரணம் புரியாது.

தீர்வு பெரிய வேலை இல்லை. பயிற்றியில் இப்போது ‘என்ன சேர்த்தார்கள்?’ என்று ஒரு கட்டம்தான் இருக்கிறது. பக்கத்தில் ‘எப்படி உறைந்தது?’, ‘உள்ளமைப்பு என்ன?’ என்று இரண்டு கட்டங்கள் சேர்ப்போம். தொடக்கத்துக்குக் கற்கண்டு போதும்: சீனிப்பாகை அசைக்காமல் பல நாள் விட்டால் பெரிய படிகம், கிளறிக்கொண்டே ஆறவைத்தால் பொடி. இரண்டும் சீனிதானே, ஏன் டீச்சர் இப்படி என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். பாடத்தை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.