கிரேவியும் கேள்விக்குறியும்

ஜோன் கம்பேர்ஸ் 1982இல் எழுதிய 'டிஸ்கோர்ஸ் ஸ்ட்ரட்டஜீஸ்' நூலை நம்மவர் அதிகம் படித்திருக்க நியாயமில்லை. ஆனால் அதில் வரும் ஒரு சம்பவம், றெஸ்ரோரண்டில் வேலை செய்கிற எவருக்கும் அறிமுகமானதுதான்.

பிரித்தானிய விமான நிலையமொன்றின் ஊழியர் சாப்பாட்டுக்கூடம். புதிதாக வேலைக்கு வந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் மரியாதை தெரியாதவர்கள் என்று பெயரெடுக்கிறார்கள். அவர்கள் பேசியதோ மிகக் குறைவு. இறைச்சி எடுத்தவரிடம் 'கிரேவி' என்பார்கள், அவ்வளவுதான். ஆங்கிலப் பெண்ணும் அதே சொல்லைத்தான் சொல்வாள். குரலை மேலே தூக்குவாள், அது 'வேணுமா' என்றாகும். இவர்கள் குரலை இறக்க, 'இது கிரேவி' என்ற அறிவிப்பாக அது கேட்டிருக்கிறது. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டிய பிறகே இரு தரப்புக்கும் விளங்கியது.

அந்தப் பெண்கள் தமிழரல்லர். எனினும் நமது பேச்சைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். தமிழில் கேள்வி 'ஆ' என்ற விகுதியில் இருக்கிறது. 'வேணுமா' என்றபின் குரல் எங்கே போனாலென்ன? அந்த விகுதியும் இல்லாமல் ஓர் ஒற்றை ஆங்கிலச் சொல்லோடு நிற்கையில்தான் நாம் முரடர்களாகிறோம்.

கம்பேர்ஸ் ஜெர்மனியில் யூதராகப் பிறந்து 1939இல் அமெரிக்கா சேர்ந்தவர். அவரது காது நுட்பமானது. ஆனால் இரு தரப்பும் சமதரப்பு அல்ல என்பதை அவர் போதியளவு அழுத்தவில்லை என்பதே நமது கருத்து. குரலைப் பிழையாகக் கேட்டவருக்கு நட்டமில்லை. வேலை போவது பேசியவருக்கு.

எழுத்தில் இது இன்னும் மோசம். பேச்சு என்பது உடைந்த எழுத்தல்ல, அதற்கென்று தனிச் சிக்கலான இலக்கணம் உண்டு என்று மைக்கல் ஹலிடே 1985இல் விரிவாகக் காட்டினார். அகதி விசாரணையில் இது எடுபடுவதில்லை. முன்னுக்குப் பின்னாகச் சொன்னது, 'அங்கால' என்று இழுத்தது, இடையில் பேசாமலிருந்தது எல்லாம் கேள்வி‑பதிலாகத் தாளில் இறங்குகின்றன. பிறகு அந்தத் தாள், நாமே இருந்து எழுதிய கட்டுரைபோல வாசிக்கப்பட்டு முரண்பாடுகள் எண்ணப்படுகின்றன.

கிரேவிக்கு ஒலிப்பதிவு இருந்தது. விசாரணைக்கோ, சட்டத்தரணியும் சொந்த மொழிபெயர்ப்பாளரும் அருகில் இல்லாதவர் கேட்டால் ஒலிப்பதிவை அனுமதிக்க வேண்டுமென்று இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2005இல்தான், டிர்ஷே என்பவரின் வழக்கில்.