செக்ரோல் எங்கே இருக்க வேண்டும்?

நீலகிரியிலும் வால்பாறையிலும் மூணாறிலும் உள்ள தேயிலைக் கம்பெனிகளும், கடலுக்கு அப்பால் ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பிரதேசங்களில் உள்ள பெருந்தோட்டக் கம்பெனிகளும் இன்று ஒரே பிரச்சினையைத் தத்தம் நிர்வாக சபைகளில் விவாதித்து வருகின்றன. ஆள் கணக்கு, கொழுந்து எடை, சம்பளம், உர இருப்பு, தொழிற்சாலைக் கணக்கு, ஏல விற்பனை ஆகிய அனைத்தையும் கையாளும் மென்பொருளைச் சொந்த சர்வரில் தோட்டத்து ஆபீஸிலேயே வைத்துக்கொள்வதா, அல்லது மாதச் சந்தா செலுத்திக் கிளவுட் என்னும் ஏற்பாட்டின்படி எங்கோ ஒரு நகரத்தில் பிறர் நடத்தும் டேட்டா சென்டரில் ஒப்படைப்பதா என்பதே அது. இதைப் பெரும்பாலோர் செலவுப் பிரச்சினையாகவே கருதுகிறார்கள். தோட்டக் கம்பெனியின் கணக்குகளுள் ஏனைய எந்த வியாபாரத்திலும் காணப்படாத தன்மையுடைய கணக்கு ஒன்று உண்டு என்பதும், அதை முன்வைத்தே இந்த முடிவைச் செய்ய வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

அந்தக் கணக்குதான் செக்ரோல். இலங்கையின் மலைநாட்டில் காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து, மலைக்கு அனுப்பி, காலை, மதியம், மாலை என்று கொழுந்தை மடுவம் என்னும் எடைக் கொட்டகையில் நிறுத்து, அன்றைக்கு விதித்த கிலோ நிறைந்தால் முழுப் பேரும் நிறையாவிட்டால் அரைப் பேரும் போட்டு, அதற்கு மேல் எடுத்த கொழுந்துக்குத் தனியே பணம் சேர்த்து எழுதும் முறை தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. அங்கே ‘பேர்’ என்பது ஒருவர் உழைத்த நாளையே குறிக்கும். தென்னிந்திய மலைத் தோட்டங்களிலோ காலை மஸ்டர், எடை, விதித்த கிலோவுக்கு மேற்பட்டதற்கு ஊக்கத்தொகை என்று பெயர்கள் மாறினாலும், கணக்கின் அடிப்படை அதுவேதான். இரு கரைகளிலும் இந்த முறையை நிலைநாட்டியவர்கள் பிரிட்டிஷ் தோட்ட முதலாளிகளே; அதை உடலால் சுமந்தவர்களும் பெரும்பாலும் தமிழ் மக்களே. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விளைவாகத் தாயகம் திரும்பியவர்களுக்கு வாழ்வளிப்பதற்காக 1968-ல் நீலகிரியில் தொடங்கப்பெற்று, பின்னர் டான்டீ என்னும் அரசுக் கழகமாக மலர்ந்த தோட்டங்களில் கொழுந்தெடுக்க வந்தவர்கள், இலங்கையில் பேர் போடும் முறையை அனுபவித்து அறிந்தவர்களாகவே வந்தார்கள்.

இனி இரு நாடுகளின் நிலைமை எங்கே வேறுபடுகிறது என்று பார்ப்போம். இலங்கையில் இந்தப் பிரச்சினைக்கு உருவம் கொடுத்தது 2022-ஆம் வருஷம். அவ்வருஷம் மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த விகிதம் மே மாதத்தில் 360 ரூபாயைக் கடந்தது. டாலரில் சந்தா கட்டும் ஒரு கம்பெனி, மாதம் 1,000 டாலர் என்று ஒப்புக்கொண்டிருந்தால், மென்பொருளில் ஓர் எழுத்துக்கூட மாறாத நிலையில், 2 லட்சம் ரூபாய்க்குப் பதிலாக 3,60,000 ரூபாய் கட்ட நேர்ந்திருக்கும். அதுவும் அந்நியச் செலாவணிக்கே பஞ்சம் ஏற்பட்டிருந்த அந்தக் காலத்தில், ரூபாய் கையில் இருந்தாலும் டாலர் கிடைப்பது அரிதாக இருந்தது. இதைக் கண்டு, சொந்த சர்வரே க்ஷேமம் என்று முடிவு கட்டுவதற்கும் அந்த வருஷமே இடங்கொடுக்கவில்லை. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையில் மின்சாரம் தடைப்பட்டது. ஜெனரேட்டரை ஓட்டுவதற்கு டீசலும் கிடைக்கவில்லை. கிடைத்த டீசல் கொழுந்தை வாட்டுவதற்கும் அரைப்பதற்கும் போதுமா என்ற கவலையில் இருந்த தோட்டத் துரைக்கு, ஆபீஸ் அறையில் இருக்கும் சர்வரைப் பற்றி நினைக்க நேரம் ஏது? சர்வர் பழுதானால் அதற்கு வேண்டிய உறுப்புகளும் வெளிநாட்டிலிருந்து டாலர் கொடுத்தே வர வேண்டியிருந்தன. ஆகவே, தற்சார்பு என்று நாம் எண்ணிக்கொள்வது மின்சாரத்தையும் எரிபொருளையும் இறக்குமதியையும் சார்ந்து நிற்பது என்பதை அந்தச் சில மாதங்கள் பிரத்தியட்சமாகக் காட்டின.

உலகப் பெரும் கிளவுட் நிறுவனங்கள் இலங்கையில் தம் டேட்டா சென்டர் தொகுதிகளை அமைக்காமையால், அவர்களிடம் போகும் இலங்கைத் தோட்டத்தின் கணக்கு சாதாரணமாகச் சிங்கப்பூரிலோ மும்பையிலோ தங்குகிறது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். உள்நாட்டுத் தொலைத்தொடர்பு ஸ்தாபனங்கள் நடத்தும் டேட்டா சென்டர்களில் ரூபாயிலேயே கட்டணம் செலுத்தி வைக்க வழி உண்டு. விலை சற்றுக் கூடினாலும், நாணயத்தின் வீழ்ச்சியை இப்படி அனுபவித்த ஒரு நாட்டின் தோட்டங்களுக்கு அதுவே விவேகமான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தியாவிலோ நிர்ப்பந்தம் வேறு திசையிலிருந்து வருகிறது. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகிள் ஆகிய மூவரும் மும்பை முதலிய நகரங்களில் டேட்டா சென்டர்களை அமைத்திருக்கிறார்கள். கட்டணத்தை ரூபாயில் செலுத்தலாம். ஆகையால் நாணயப் பயம் அவ்வளவாக இல்லை. இங்கே கம்பெனியின் கையைப் பிடித்து இழுப்பது சட்டம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது; 2023 ஆகஸ்ட் முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரிகள், பிற வியாபாரிகளுக்கு விற்கும் சரக்குக்கு அரசு இணையதளத்தில் பதிந்த மின்-விலைப்பட்டியலைத் தர வேண்டியவர்களானார்கள். அதே வருஷம் ஏப்ரல் முதல், கணக்கில் யார் எதை எப்போது திருத்தினார் என்ற சுவடு அழியாமல் காட்டும் மென்பொருளையே கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும் என்பதும் விதியாயிற்று. 2022-ல் திருத்தப்பட்ட கம்பெனிக் கணக்கு விதிகளோ, மின்னணுக் கணக்குப் புத்தகங்கள் எப்போதும் இந்தியாவில் பார்க்கக் கிடைக்க வேண்டும் என்றும், அவற்றின் பிரதி தினந்தோறும் இந்திய மண்ணில் உள்ள சர்வரில் சேமிக்கப்பட வேண்டும் என்றும் கட்டளையிடுகின்றன. ஆகவே, குன்னூரில் ஒரு தோட்டக் கம்பெனி டாலி என்னும் கணக்கு மென்பொருளைத் தன் சொந்தக் கணினியிலேயே வைத்துக்கொண்டு, தான் கிளவுட்டுக்குப் போகவில்லை என்று கூறிக்கொண்டாலும், அதன் விற்பனைக் கணக்கு அரசாங்கத்தின் சர்வரைத் தொடாமல் நிறைவு பெறுவதில்லை. ஏலமும் அவ்வாறே. 1883 முதல் ஏல அறையில் நடந்து வந்த கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில், கொள்ளைநோயின் நெருக்கடியில், இணையவழிக்கு மாறியது. குன்னூரில் மின்னணு ஏலம் அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே வந்துவிட்டது. விற்பனையையும் வரியையும் பொறுத்தவரை இரு நாடுகளிலும் இணையத்தை விட்டு விலகி நிற்பது இனி சாத்தியமில்லை. அதைப் பற்றி வாதிப்பதில் பிரயோஜனமும் இல்லை.

ஆனால் மலை வேறு, தலைமை ஆபீஸ் வேறு. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரின் உயிரைக் கொண்டுபோனபோது, பெருமழையால் மின்சாரமும் தொலைபேசியும் ஏற்கெனவே அற்றுப் போயிருந்தமையால், அந்தச் செய்தி வெளியுலகத்தை எட்டுவதற்கு மறுநாள் காலை ஆயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் மலைகள் சரிந்து பாதைகள் துண்டிக்கப்பட்டதையும் நாம் கண்டோம். இத்தகைய பூமியில், தொடர்பு இருந்தால்தான் எடையைப் பதிய முடியும் என்ற ஏற்பாட்டைச் செய்வது அநீதி என்றே சொல்வேன். எடைத் தராசோடு இணைந்த கைக்கருவி, தொடர்பு அற்ற நாளிலும் எடையைத் தன்னுள்ளேயே காத்து, தொடர்பு கிடைத்த பின் மேலே அனுப்ப வல்லதாக இருக்க வேண்டும். கொழுந்தைக் கூடையிலிருந்து கொட்டிய பெண்ணுக்கு அந்த நிமிஷத்திலேயே, கோணிக்கும் ஈரத்துக்கும் கழித்தது எவ்வளவு, நின்றது எவ்வளவு என்று காட்டும் சீட்டு, அவர் படிக்கும் மொழியில் கையில் கிடைக்க வேண்டும். இலங்கையில் அந்த மொழி பெரும்பாலும் தமிழ். வால்பாறையிலும் நீலகிரியிலும் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்தவர்கள் திரளாக வேலை செய்வதால் ஹிந்தியும் வேண்டியிருக்கிறது. விலைக்கு வரும் மென்பொருளின் குணதோஷங்களை ஆராயும் நிர்வாகிகள், இந்தச் சீட்டைப் பற்றிக் கேட்பதை நான் அரிதாகவே கேள்விப்படுகிறேன்.

செக்ரோலின் தனித்தன்மை இதனினும் ஆழமானது. உரக் கணக்கு ஒரு பருவத்தில் முடிந்துவிடும்; வரிக் கணக்கு சில வருஷங்களில் பழையதாகிவிடும்; பதினெட்டு வயதில் மலையேறிய ஒரு பெண்ணின் பேர்க் கணக்கோ அவர் ஓய்வு பெறும் வரையில், நாற்பது வருஷம் வரைகூட, உயிரோடு இருக்க வேண்டும். இந்தியாவில் 2025 நவம்பர் வரையில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், அதன் பின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படியும், இலங்கையில் 1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டப்படியும், அவருக்குக் கிடைக்க வேண்டிய கிராஜுவிட்டி சேவை செய்த வருஷங்களைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. இலங்கையில் தொழிலாளி 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் செலுத்தும் சேமலாப நிதியும் அந்தப் பேர்களின் சம்பளத்திலிருந்தே பிறக்கிறது. நாற்பது வருஷம் வாழ்ந்த மென்பொருள் எது? இலங்கையின் கம்பெனித் தோட்டங்கள் 1975-ல் அரசுடைமையாயின. 1992-ல் இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியக் கம்பெனிகளிடம் போயின. பின்னரும் பல கை மாறின. அத்தனை மாற்றத்திலும் தொழிலாளியின் சேவையை நிரூபித்தது, ஆபீஸ் அலமாரியில் கிடந்த, பூச்சி அரித்த பழைய செக்ரோல் புத்தகமே. சந்தா நின்றால் கதவு அடைபடும் கிளவுட்டும், பத்து வருஷத்தில் துருப்பிடிக்கும் சர்வரும், இந்த ஒரு சோதனையில் சமமாகவே தோற்கக்கூடியவை.

ஆகையால் இரண்டில் ஒன்றையே தேர வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. விற்பனை, வரி, தலைமை ஆபீஸ் கணக்கு ஆகியவை கிளவுட்டில் இருக்கட்டும். இந்தியாவில் அதற்குத் தயக்கமே வேண்டியதில்லை, இலங்கையில் ரூபாய்க் கட்டணத்தில் உள்நாட்டில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளட்டும். செக்ரோல் மட்டும் தோட்டத்து ஆபீஸிலும் ஒரு முழுப் பிரதியாக, எந்த மென்பொருளின் தயவுமின்றிப் படிக்கக்கூடிய வடிவில், மாதந்தோறும் வந்து சேர வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், கம்பெனியின் பழைய தொழிலாளி ஒருவருடைய ஆதிமுதல் கணக்கை விற்பனையாளரிடம் கொடுத்து உள்ளே ஏற்றச் சொல்லி, சந்தாவை நிறுத்திவிட்டதாகப் பாவித்து, அந்தக் கணக்கை முழுமையாகத் திருப்பித் தருமாறு கேட்க வேண்டும். ஒரு பேர் குறைந்து வந்தாலும், அந்த மென்பொருள் எவ்வளவு மலிவானதாயினும், வேண்டாம் என்று அனுப்பிவிடலாம்.