தனிக்குரலும் மறுமொழியும்: மடி வோட்டர்ஸின் இசைத்துணைத் தேடல் குறித்து ஒரு நோக்கு

புளூஸ் என வழங்கும் இசைவடிவம் தனிமனிதனின் துயர்ப்பாட்டு என்னும் கருத்து மேலைநாட்டு இசை விமர்சகரிடையே நெடுங்காலமாக வேரூன்றி நிற்பதொன்றாகும். கையிலே ஒரு கிற்றார், தோளிலே ஒரு பொதி, முன்னே முடிவு தெரியாத தெரு. இவற்றோடு தன்னந்தனியே நடந்து செல்லும் ஒருவனது உருவமே புளூஸ் கலைஞனைக் குறிக்கும் படிமமாக நிலைபெற்றுவிட்டது. இப்படிமத்தில் உண்மை சிறிதும் இல்லை எனக் கூறுதல் பொருந்தாது. ஊர் ஊராகத் தனித்துச் சென்று பாடிய கலைஞர் பலர் இருந்தனர். ஆயினும், இப்படிமத்தை முழுமையாக ஏற்றுக்கொள்வோர் ஒரு வினாவுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டுள்ளனர். தனிமையே புளூஸின் உயிர் எனின், அவ்விசையின் தலைசிறந்த கலைஞருள் ஒருவரான மடி வோட்டர்ஸ் தம்மோடு ஒத்திசைக்கக்கூடிய துணைவரைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்தது எதன் பொருட்டு?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு முதலிற் புளூஸின் வடிவத்தையே நோக்குதல் வேண்டும். இவ்விசையின் பெருவழக்கான அமைப்பைக் கருநாடக இசைப் பரிபாஷையிற் கூறுவதாயின், பன்னிரண்டு ஆவர்த்தனங்கள் கொண்ட ஒரு சுற்று எனலாம். அச்சுற்று நந்நான்கு ஆவர்த்தனங்களாக மூன்று அடிகளாய்ப் பிரியும். முதலடியில் ஒன்று கூறப்படும். இரண்டாமடி அதனையே மீட்டும் கூறும். மூன்றாமடி அதற்கு முடிவோ விளக்கமோ தரும். இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், ஒவ்வோரடியிலும் பாடகனின் குரல் ஏறத்தாழ முதற் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்பதாகும். எஞ்சிய பாதி குரலின்றி விடப்படுகிறது. அவ்விடைவெளியில் வாத்தியம் மறுமொழி கூறும். வயல்களில் வேலை செய்தோர் பாடிய தொழிற்பாடல்களிலும், தேவாலயங்களில் போதகரும் சபையோரும் மாறிமாறி எழுப்பிய குரல்களிலும் வழங்கிய 'அழைப்பு – மறுமொழி' என்னும் ஆபிரிக்க மரபின் வழிவந்த கூறே இது. தனித்துப் பாடும் கலைஞன் தன் அழைப்புக்குத் தன் கிற்றாரைக் கொண்டு தானே விடையளித்துக்கொள்கிறான். எனவே அவனது தனிமை வடிவத்தால் விதிக்கப்பட்டதன்று. அவ்வடிவத்தில் மற்றொருவனுக்குரிய இடம் முன்கூட்டியே விடப்பட்டிருக்கிறது. அவ்விடத்தை நிரப்பக்கூடியவனைத் தேடுவதே துணைத்தேடலின் அடிப்படைப் பொருள்.

மடி வோட்டர்ஸ் எனப் பெயர்பெற்ற மக்கின்லி மோகன்பீல்ட் மிசிசிப்பி மாநிலத்திற் பிறந்து, கிளாக்ஸ்டேல் நகருக்கு அண்மையிலுள்ள ஸ்ரோவல் பருத்தித் தோட்டத்தில் பாட்டியாரின் பராமரிப்பில் வளர்ந்தவர். 1941 ஓகஸ்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சார்பில் அலன் லோமாக்ஸும், பிஸ்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வேர்க்கும் அத்தோட்டத்துக்குச் சென்று அவரது பாடல்களை ஒலிப்பதிவு செய்தனர். தோட்டத் தொழிலாளி ஒருவர் தம் குரலைத் தாமே முதன்முறையாகக் கேட்ட தருணம் என இந்நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர் சிறப்பித்துக் கூறுவர். ஆனால், அடுத்த ஆண்டு லோமாக்ஸ் மீண்டும் சென்றபோது பதிவான பாடல்களிற் சில அத்துணை கவனத்தைப் பெறவில்லை. அவற்றில் அவர் சன் சிம்ஸ் என்னும் வயலின் கலைஞரின் தந்திவாத்தியக் குழுவோடு சேர்ந்து பாடுகிறார். ஆகவே, மிசிசிப்பியிலேயே அவர் முற்றிலும் தனியராக இருந்தவர் அல்லர். சனிக்கிழமை இரவுகளில் ஆடவும் பாடவும் கூடிய மக்கள் நடுவே உருவானதே அவரது கலை.

1943இல் அவர் தோட்டத்தை நீங்கிச் சிக்காகோ சென்றார். அப்பயணம் ஒரு மனிதனின் தனிப்பட்ட முடிவு மாத்திரமன்று. தென்மாநிலங்களின் குத்தகைப் பயிர்ச்செய்கை முறையிலிருந்தும் இனவொதுக்கலிலிருந்தும் விடுபட விரும்பிய இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே சென்ற பெரும் இடப்பெயர்வின் ஒரு பகுதி அது. சிக்காகோவின் கறுப்பினக் குடித்தொகை 1940இல் ஏறத்தாழ 2,78,000 ஆக இருந்து, 1950இல் ஏறத்தாழ 4,92,000 ஆக உயர்ந்தது. கடதாசித் தொழிற்சாலையிற் பகலில் வேலை, இரவில் இசை. நகரத்து மதுச்சாலைகளின் இரைச்சலில் மரக்கிற்றாரின் ஒலி அமிழ்ந்துபோகவே, அவர் மின்கிற்றாருக்கு மாறினார். ஆனால் ஒலியைப் பெருக்கியதால் மாத்திரம் அவர் நாடியது கிட்டிவிடவில்லை. புதிய நகரத்தில் புதிய வாழ்க்கை நடத்தும் ஒரு கூட்டத்தின் குரலாக அமைவதற்கு ஒருவரது குரல் போதாது. இவ்வாறே அவரது தேடல் தொடங்கிற்று.

அவர் கண்டடைந்த துணைவர் எத்தகையோர் என்பது ஆராயத்தக்கது. இரண்டாவது கிற்றார் வாசித்த ஜிம்மி றொஜர்ஸ் மிசிசிப்பியிற் பிறந்தவர். மடி பாடும் முறையின் வேர்களை நன்கறிந்தவர். ஹார்மோனிக்கா வாசித்த லிற்றில் வோல்ற்றரோ லூசியானாவில் 1930இற் பிறந்தவர். சிக்காகோவின் மக்ஸ்வெல் வீதிச் சந்தையில் வழிப்போக்கர்களுக்கு வாசித்து வந்த இளைஞர். அவரை ஈர்த்தது மிசிசிப்பியின் பழைய புளூஸ் மாத்திரமன்று. லூயிஸ் ஜோர்டன் போன்றோரின் துள்ளலான சக்ஸபோன் இசையும் அவரை வெகுவாகக் கவர்ந்திருந்தது. சில ஆண்டுகளின் பின் வந்து சேர்ந்த ஒற்றிஸ் ஸ்பான் பியானோவிலே தமக்கெனத் தனிநடை உடையவர். வயதாலும் பயிற்சியாலும் இரசனையாலும் இவர்கள் ஒருவரையொருவர் ஒத்தவர் அல்லர். இவ்வேறுபாடே இங்கு முக்கியமானது. ஒத்த மனம் என்பதை ஒத்த இரசனை எனப் பொருள்கொண்டால், இக்குழு அமைந்திருக்கவே இயலாது.

அவ்வாறாயின் இவர்களை இணைத்தது யாது? இரண்டு கூறுகளை இனங்காணலாம். ஒன்று, பொதுவான சமூக அனுபவம். தெற்கை விட்டு வந்து, வடக்கில் வேரூன்ற முயன்றுகொண்டிருந்த ஒரு தலைமுறையினர் இவர்கள். மற்றது, செவிப்பழக்கம். மடி வோட்டர்ஸ் தாளத்துக்குச் சற்றுப் பிந்திச் சொல்லை விழுத்தும் இயல்பினர். தனித்துப் பாடிப் பழகிய மிசிசிப்பிக் கலைஞர் பலரைப்போல, உணர்ச்சிக்கேற்ப ஆவர்த்தனத்தை நீட்டவும் குறுக்கவும் தயங்காதவர். எண்ணி வாசிப்பவன் இத்தகையவரோடு வாசித்தல் அரிது; கேட்டு வாசிப்பவனாலேயே அது முடியும். அடுத்த சொல் எப்போது விழும் என்பதைப் பாடகனின் மூச்சிலிருந்து உணர்ந்து காத்திருக்கும் ஆற்றல், வாத்தியத் தேர்ச்சியால் மாத்திரம் வருவதன்று. சிறந்த பக்கவாத்தியக்காரரின் இலக்கணமாக நம்மவர் கொள்ளும் பண்பும் இதுவே. இப்பண்பு கைவந்த இக்குழுவினர் மதுச்சாலைகளுக்குச் சென்று அங்கு வாசித்துக்கொண்டிருந்த குழுக்களைப் போட்டியில் வென்றுவந்தமையால், 'தலைகொய்வோர்' என்னும் பொருள்பட விளையாட்டாக அழைக்கப்பட்டனர்.

இத்தேடல் வரலாற்றின் முரண்பாடு இனிமேலேதான் தொடங்குகிறது. 1948இல் அரிஸ்ரோகிறற் நிறுவனத்துக்காக அவர் பாடிய 'ஐ கான்ற் பீ சற்றிஸ்பைட்' என்னும் இசைத்தட்டு வெளிவந்தவுடனேயே விற்றுத் தீர்ந்தது. அதில் ஒலிப்பவை மடியின் குரலும் மின்கிற்றாரும், பிக் குறோபோட்டின் டபுள் பேஸ் வாத்தியமும் மாத்திரமே. விற்பனை கண்ட வடிவத்தை மாற்ற நிறுவனத்தின் லெனாட் செஸ் விரும்பவில்லை. ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒரே நகரில் இரண்டு மடி வோட்டர்ஸ் வாழ்ந்தனர் எனலாம். இரவில் மதுச்சாலைக்குச் சென்றவர்கள் முழக்கமிடும் ஒரு குழுவைக் கேட்டனர். இசைத்தட்டை வாங்கியவர்கள் ஏறத்தாழத் தனித்துப் பாடும் ஒரு மனிதனைக் கேட்டனர். 1950 தொடக்கத்தில் நிகழ்ந்தது இதனினும் தெளிவான சான்று. பாக்வே என்னும் சிறு நிறுவனத்துக்காக லிறோய் பொஸ்ரர், லிற்றில் வோல்ற்றர் ஆகியோருடன் சேர்ந்து மடி 'றோலின் அண்ட் ரம்ப்ளின்' பாடலைப் பதிவு செய்தார். அதனையறிந்த செஸ், அதே பாடலை மடியைக் கொண்டு பேஸ் துணையோடு மாத்திரம் மீளப் பதிவு செய்வித்தார். முன்னையதில் மூவரும் ஒருவரையொருவர் உந்தித்தள்ளும் ஆவேசம் உண்டு. பின்னையது சீரானது, எனினும் அந்த ஆவேசம் அதில் இல்லை. தனித்த புளூஸ் கலைஞன் என்னும் படிமம் கலையின் இயல்பிலிருந்து மாத்திரம் தோன்றியதன்று, சந்தையின் தெரிவும் அதனை வளர்த்தது என்பதற்கு இவ்விரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பதே போதுமான சான்றாகும்.

நிறுவனத்தின் தயக்கம் படிப்படியாகவே தளர்ந்தது. முழுக்குழுவும் நிலைபெற்றபின் வந்த சாதனைகளுள் 1954 ஜனவரியிற் பதிவான 'ஹூச்சி கூச்சி மான்' குறிப்பிடத்தக்கது. வில்லி டிக்சன் இயற்றிய இப்பாடலில் அனைத்து வாத்தியங்களும் ஒரு சிறு சுரக்கோவையை ஒருமித்து ஒலித்துவிட்டு, ஒருமித்தே நின்றுவிடுகின்றன. அந்த நிசப்தத்தில் மடியின் குரல் எழுகிறது; மீண்டும் அதே சுரக்கோவை; மீண்டும் நிசப்தம். தனித்துப் பாடும் பாடகனும் நிறுத்தலாம். ஆனால் ஒருவன் நிறுத்துவதிற் பெரும் வியப்பில்லை. தத்தம் திறமையில் நம்பிக்கை மிகுந்த கலைஞர் பலர் ஒரே கணத்தில் அடங்கி நின்று, ஒருவரது குரலுக்கு இடம் விடுவதே வியப்பு. இக்குழுவின் ஒத்த மனத்தை அவர்கள் வாசிக்கும் இடங்களிலும் பார்க்க வாசியாது நிற்கும் இடங்களிலேயே தெளிவாக உணரலாம். தனிக்குரலின் கம்பீரம் துணைவரால் குறைந்துவிடவில்லை. அவர்களாலேயே அது முழுமை பெற்றது.

எனினும் இக்குழுவை ஒரு சமத்துவச் சமூகமாகக் கற்பனை செய்தல் தவறாகும். இசைத்தட்டுகள் மடியின் பெயரிலேயே வெளிவந்தன. துணைவரும் தத்தம் பெயரை நாடினர். அதற்கு மடி தடையாக நின்றவரும் அல்லர். 1952 மே மாதத்தில் ஒலிப்பதிவொன்றின்போது லிற்றில் வோல்ற்றர் முன்னணியில் நின்று வாசித்த 'ஜூக்' என்னும் வாத்தியவிசை அவர் பெயரில் வெளிவந்து, அமெரிக்க றிதம் அண்ட் புளூஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அவர் குழுவை விட்டு நீங்கித் தமக்கென ஒரு குழுவை அமைத்துக்கொண்டார். குழுவைத் தொடக்கத்தில் ஏற்க மறுத்த சந்தையே, ஏற்றபின் அதனைப் பிரிக்கவும் செய்தது. ஆயினும் பின்னரும் மடியின் ஒலிப்பதிவுகள் பலவற்றில் வோல்ற்றரின் ஹார்மோனிக்கா ஒலித்தது. மேடையில் அவரிடத்துக்கு வேறொருவர் வந்தார். குரலின் பின்னுள்ள அந்த இடைவெளியை அவரைப்போல் நிரப்புவோர் எளிதிற் கிடைக்கவில்லை.

இத்தேடலின் மற்றொரு வடிவத்தை இங்கிலாந்திற் காணலாம். 1958இல் மடியும் ஸ்பானும் அங்கு சென்று இசைத்தபோது, கிராமியப் பாடகர் ஒருவரை எதிர்பார்த்திருந்த இரசிகர் சிலர் மின்கிற்றாரின் ஓசையைக் கேட்டுத் திகைத்தனர். அவர்களும் தனித்த கலைஞனின் படிமத்தையே கேட்கச் சென்றவர்கள். ஆனால் மடியின் இசைத்தட்டுகளிலேயே தம் இசைக்கல்வியைப் பெற்றுக்கொண்டிருந்த ஓர் இளந்தலைமுறையும் அங்கு உருவாகிக்கொண்டிருந்தது. 1962 மே மாதத்தில் பிறையன் ஜோன்ஸ் என்னும் இருபது வயது இளைஞர், றிதம் அண்ட் புளூஸ் குழுவொன்றை அமைப்பதற்குக் கலைஞர் தேவையென 'ஜாஸ் நியூஸ்' இதழில் விளம்பரஞ் செய்தார். அதைக் கண்டு முதலில் வந்தவர் பியானோக் கலைஞர் இயன் ஸ்ருவேட். மிக் ஜாகரும் கீத் றிச்சட்ஸும் பின்னர் இணைந்தனர். மடி 1950இற் பாடிய 'றோலின் ஸ்ரோன்' என்னும் பாடலிலிருந்தே அக்குழு தன் பெயரைப் பெற்றது.

ஒத்த மனத்தை விளம்பரத்தினாற் பெற இயலுமா? கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரிற் காணாமலே உணர்ச்சியொருமையால் நண்பராயினர் எனத் தமிழ் மரபு போற்றும். ஒரே இசைத்தட்டுகளைத் தனித்தனி அறைகளிலிருந்து கேட்டு வளர்ந்த இவ்விளைஞரின் உறவும் ஓரளவு அத்தகையதே. அவ்வுணர்ச்சி அவர்களை ஒன்றுசேர்க்கப் போதுமாயிருந்தது. சேர்ந்து இசைக்கப் போதுமாயிருக்கவில்லை. ஜோன்ஸும் ஜாகரும் றிச்சட்ஸும் இலண்டனில் வசதியற்ற ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்ந்து, இரு கிற்றார்களும் ஒன்றனுள் ஒன்று பின்னும் முறையை இடைவிடாது பயின்ற பின்னரே அவர்களது இசைக்கு உரிய வடிவம் அமைந்தது. 1963இல், ஸ்ருவேட்டின் வெளித்தோற்றம் குழுவின் விளம்பரத்துக்கு ஏற்றதன்று எனக் கருதிய முகாமையாளர் அவரை மேடையிலிருந்து விலக்கினார். 1969 ஜூனில், குழுவை அமைத்த ஜோன்ஸே அதிலிருந்து நீக்கப்பட்டு, அடுத்த மாதம் காலமானார். சிக்காகோவில் கலைஞனைத் தனிமையில் நிறுத்த முயன்ற அதே வணிகம், இலண்டனில் எவர் எவர் துணைவராக இருக்கலாம் என விதிக்கும் நிலைக்கு வளர்ந்திருந்தமை இங்கு புலனாகிறது.

இவ்விரு தேடல்களையும் ஒப்புநோக்குமிடத்து ஒரு முடிவுக்கு வரலாம். ஒத்த இரசனை தேடலின் தொடக்கமாகலாம், அதன் நிறைவாகாது. ஒருவரது குரல் ஓய்ந்த இடத்தில், அதனையே எதிரொலிக்காது, தன் குரலால் மறுமொழி கூறும் ஆற்றலே இசையில் ஒத்த மனம் எனப்படுவது. அது பொதுவான வாழ்வனுபவத்தில் வேர்கொண்டு, சேர்ந்துழைப்பதால் வளர்வது. புளூஸைத் தனிமையின் இசை என வரையறுப்போர் அதன் அழைப்பை மாத்திரம் கேட்டவராவர். மடி வோட்டர்ஸ் 1983இல் மறைந்தார். அவரது பெயரில் வெளிவந்த இசைத்தட்டுகளை மதிப்பிடும் விமர்சகர், அக்குரலின் ஆற்றலை வியப்பதோடு அமையாது, ஒவ்வோரடியின் பிற்பாதியிலும் ஒலிக்கும் றொஜர்ஸையும் வோல்ற்றரையும் ஸ்பானையும் செவிமடுத்தல் வேண்டும். சிக்காகோவில் அவர் ஆண்டுக்கணக்கில் தேடியது அம்மறுமொழியையே.