ஏவல் வினையில் ஒரு நலம்

"கண்களை மூடுங்கள். மூச்சை இழுத்து விடுங்கள். கவலைகளை வாசலிலேயே விட்டுவிடுங்கள்."

நான் முன்பு வேலை பார்த்த தனியார் கல்லூரி ஒன்றில், ஒரு சனிக்கிழமை மதியம் ஆசிரியர் நலப் பயிலரங்கம் நடந்தது. வருகை கட்டாயம். கூடத்தில் பெரும்பாலும் பெண்கள். என் மடியில் திருத்தாத விடைத்தாள் கட்டு. பக்கத்திலிருந்த தோழி கண்ணைத் திறக்காமலேயே முணுமுணுத்தாள்: "அக்கா, மூச்சு கெடக்கட்டும். ரெண்டு மாசமா நம்ம பாத்ரூம்ல தண்ணி வரல. அத யாரு கேக்குறது?"

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் திரும்பும்போது அந்தப் பேச்சை மனதுக்குள் ஒரு பனுவலாக வாசித்துப் பார்த்தேன். உண்ணுங்கள், உறங்குங்கள், நடங்கள், சிரியுங்கள். எல்லாம் ஏவல் வினை. எழுவாய் எப்போதும் நாங்கள்தான். நிர்வாகம் ஒரு வாக்கியத்தில்கூட எழுவாயாக வரவில்லை. பொறுமையில் பூமாதேவியாக இரு என்று வீட்டில் சொன்னதையே இங்கே புதிய சொற்களில் சொன்னார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை வகைப்படுத்தியபோது அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் தீராமல் நீடிக்கும் அழுத்தத்தால் வருவது என்றே வரையறுத்தது. காரணம் வேலையிடத்தில் இருக்கும்போது மருந்து மட்டும் எப்படி ஆசிரியையின் மூச்சில் இருக்க முடியும்?

இத்தகைய திட்டங்கள் பலன் தருகின்றனவா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2016இல் தொடங்கிய ஆய்வு அது. ஏறத்தாழ 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் நலத்திட்டத்தில் சேர வாய்ப்புக் கொடுத்தார்கள். மருத்துவச் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. உடல்நலப் பழக்கங்களிலும் இல்லை. கூடியவற்றுள் ஒன்று, நிர்வாகம் தம் நலனில் அக்கறை கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கை. அந்த வரியை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் இது இன்னும் அப்பட்டமாக நடந்தது. உடல்நலச் செயலியில் புள்ளிகள் சேர்க்காத ஆசிரியர்கள் காப்பீட்டுக்கு மாதம் 25 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் அதைக் கைவிட்டார்கள். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. 2018 பிப்ரவரி 22 அன்று ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடப்பட்டன. முடிவில் 5 விழுக்காடு ஊதிய உயர்வு கிடைத்தது.

நம் ஊரிலும் உதாரணம் உண்டு. கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. கேரளத்தில் பெண் தொழிலாளர்கள் போராடி 2018இலேயே அதைப் பெற்றிருந்தார்கள். அந்த உரிமையும் நலம்தான். ஆனால் மாதவிடாய் நாளில் நான்கு வகுப்புகளை நின்றே நடத்தும் ஆசிரியைக்கு, "உட்கார்ந்து பாடம் நடத்தக் கூடாது" என்ற வாய்மொழி விதிதான் இன்னும் பல இடங்களில் சட்டம்.

யோகாவை நான் பழிக்கவில்லை. என் முதுகுவலிக்கு அது உதவியிருக்கிறது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். கட்டுத்துணியின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் தினமும் இடித்துக்கொள்ளும் ஆணியைப் பிடுங்காமல் கட்டு மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அது வைத்தியமாகாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று பயிலரங்கம் முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். நான் 'மிக நன்று' என்று குறித்தேன். ஏப்ரலில் என் பணி நீட்டிப்பு இருந்தது. என் தோழியும் அப்படியே குறித்தாள். கழிப்பறைக்குப் போக அஞ்சி, காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீர்த்தொற்றுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் அவள். அந்தப் படிவங்களைக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு நாங்கள் எல்லோரும் நலம்.

அடுத்த வாரம் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். யார் முதல் கையெழுத்து என்று தெரியக் கூடாது என்பதற்காக வட்டமாகக் கையெழுத்திட்டோம். பத்து நாளில் மோட்டாரைச் சரிசெய்தார்கள். அவள் பையில் மறுபடியும் தண்ணீர் பாட்டில் வந்தது.

அந்தக் கடிதத்தில் இருந்தது ஒரே வாக்கியம். அதில் எழுவாய் நிர்வாகம்.