வரப்பும் மண்வெட்டியும்

எங்கள் தேனி மாவட்டத்துக் கெங்குவார்பட்டியில் ஒரே இடத்தில் நின்றபடி, ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் அதிகாரத்தைப் பங்கிடும் இந்திய அரசமைப்பின் ஏழாவது அட்டவணையைப் படித்துவிடலாம். ஊரை ஒட்டிப் போகும் திண்டுக்கல்–தேனி தேசிய நெடுஞ்சாலை ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. மஞ்சளாறு அணையிலிருந்து வயலுக்கு வரும் தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. எதிரே எழும் கொடைக்கானல் மலையின் காடு பொதுப் பட்டியலில் இருக்கிறது. சாலைக்கு டெல்லி, தண்ணீருக்குச் சென்னை, காட்டுக்கு இருவரும்.

அரசமைப்பு நடைமுறைக்கு வந்த 1950இல் ஒன்றியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, பொதுப் பட்டியலில் 47 இனங்கள் இருந்தன. இந்தப் பாகப்பிரிவினையின் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாடாளுமன்றத்தில் எவ்வளவு பெரிய பெரும்பான்மை இருந்தாலும், மாநிலத்துக்கென்று எழுதிய இடத்தில் ஒரு சாதாரணச் சட்டத்தைக் கொண்டு பொதுவாகக் கால்வைத்துவிட முடியாது. வைத்தால் நீதிமன்றம் தடுக்கலாம். நாட்டை ஆள்பவருக்கும் வரப்பு உண்டு என்று எழுத்தில் சொல்லிவைத்தது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்த வரப்பை வெட்டும் மண்வெட்டி பெரும்பாலும் டெல்லியிலேயே இருக்கிறது. என் குறை அதுதான்.

அமெரிக்காவில் பட்டியலில் சொல்லப்படாத அதிகாரம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியது. நம் நாட்டில் 248ஆவது உறுப்பு அதை ஒன்றியத்துக்கே கொடுத்துவிட்டது. அங்கே ஒரு மாநிலத்தை அதன் சட்டமன்றம் சம்மதிக்காமல் வெட்டிப் பிரிக்க முடியாது. இங்கே 3ஆவது உறுப்பின்படி கருத்துக் கேட்டால் போதும்; அந்தக் கருத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பொதுப் பட்டியலில் இரு சட்டங்கள் மோதினால் ஒன்றியத்தின் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. 2017இல் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் அந்தச் சிறிய மடை வழியாகத்தான் வந்தது. எங்கள் மாவட்டத்துப் பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் வாடிவாசல் திறப்பதற்குக்கூட டெல்லியின் கையெழுத்து வேண்டியிருந்தது.

காடு பொதுப் பட்டியலுக்குப் போன கதையை விரிவாகச் சொல்ல வேண்டும். காடும் வனவிலங்குப் பாதுகாப்பும் முதலில் மாநிலப் பட்டியலில்தான் இருந்தன, கல்வியும் அப்படித்தான். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அவற்றைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. ஏழாவது அட்டவணையைத் திருத்த மாநிலச் சட்டமன்றங்களில் பாதியாவது ஒப்புதல் தர வேண்டும் என்கிறது 368ஆவது உறுப்பு. நல்ல காவல்தான். ஆனால் தமிழ்நாட்டு அரசு 1976 ஜனவரி 31 அன்றே கலைக்கப்பட்டிருந்தது. அடுத்த தேர்தல் 1977 ஜூனில்தான் நடந்தது. நம் பட்டியலிலிருந்து காடும் கல்வியும் எடுக்கப்பட்டபோது, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லத் தமிழ்நாட்டுக்குச் சட்டமன்றமே இல்லை. மாநில ஆட்சியைக் கலைக்கும் 356ஆவது உறுப்பால் வாயை மூடிவிட்டு 368ஆவது உறுப்பால் பாகத்தை மாற்ற முடிந்தது. இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் இந்த ஆபத்து தெரியாது.

அதன் விளைவு மலையடிவாரத் தோட்டக்காரருக்குத் தெரியும். இரவில் காட்டுப்பன்றி இறங்கி வெள்ளாமையைக் கிளறிவிட்டுப் போனால் அவர் மனு கொடுப்பது மாநில வனத்துறையிடம். ஒரு விலங்கைப் பயிரழிக்கும் பிராணி என்று அறிவிக்கும் அதிகாரமோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி ஒன்றிய அரசிடம் இருக்கிறது. காட்டைக் காக்க நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம், காட்டு நிலத்தை வேறு வேலைக்கு மாற்ற ஒன்றியத்தின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. அது பல மாநிலங்களின் அவசரத்துக்குக் கடிவாளம் போட்டது. ஆனால் பன்றி புகுந்த தோட்டம் எது, யானை வழி எது என்று தெரிந்தவரிடம் முடிவு இல்லாமல் போனது குறைதான்.

வரப்பைக் காத்ததில் நீதிமன்றத்தின் பங்கு பெரிது. 1976, 1980, 1988, 1991 என்று தமிழ்நாட்டில் ஆட்சிகள் கலைக்கப்பட்டன. 1994 மார்ச்சில் எஸ்.ஆர். பொம்மை வழக்கின் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதைச் சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும், கலைப்பு ஆணையை நீதிமன்றம் ஆராயலாம், கூட்டாட்சி அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் ஒன்று என்று அது சொன்னது. அதன்பின் தமிழ்நாட்டில் ஓர் ஆட்சியும் 356ஆவது உறுப்பால் கலைக்கப்படவில்லை. எழுத்தில் இருந்த வரப்புக்குக் கல்கட்டு கிடைத்தது அப்போதுதான்.

இனி, மாநில சுயாட்சி பேசும் யாரும் தாண்டிப் போகக் கூடாத ஒரு வழக்கு எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. முல்லைப்பெரியாறு அணை நிற்பது கேரள மண்ணில். 1886ஆம் ஆண்டின் 999 ஆண்டுக் குத்தகைப்படி அதை இயக்குவது தமிழ்நாடு. 1895இல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த அந்த அணையின் தண்ணீரை நம்பிக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இருக்கிறது. 152 அடியாக இருந்த நீர்மட்டம், பாதுகாப்புக் கவலையால் 1979இல் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. 2006இல் 142 அடி வரை தேக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். உடனே கேரளச் சட்டமன்றம் 136 அடிதான் எல்லை என்று சட்டமே போட்டது. தன் மண், தன் மக்களின் உயிர், தன் பட்டியலில் உள்ள தண்ணீர் என்று வாதிட்டது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று, 35 ஆண்டுகளுக்குப் பிறகு, அணை 142 அடியைத் தொட்டது. பள்ளத்தாக்கே கொண்டாடியது, நானும் மகிழ்ந்தேன்.

ஆனால் அன்று நாம் கொண்டாடியது, ஒரு மாநிலச் சட்டமன்றத்தின் சட்டத்தை மேலே இருப்பவர் ரத்து செய்ததைத்தான். இடுக்கியில் அணைக்குக் கீழே குடியிருப்பவரின் பயமும் பொய்யல்ல. இரு மாநிலங்களும் தம் தம் பட்டியலைக் காட்டி நின்றால் நடுவர் இல்லாமல் தீராது. நடுவருக்கு இருவரையும் கட்டும் அதிகாரம் வேண்டும். 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டத்தை மாநில உரிமையில் தலையீடு என்று தமிழ்நாடு எதிர்த்தது. அந்தச் சட்டத்தின் அதிகாரங்களை முல்லைப்பெரியாறு கண்காணிப்புக் குழுவுக்கு உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் வழங்கியபோது, தமிழ்நாடும் அந்தக் குழுவின் முன்தான் அமர வேண்டியிருந்தது. வலுவான ஒன்றியம் வேண்டாம் என்பது என் வாதமல்ல. ஒரே மாநிலத்துக்குள் பிறந்து அங்கேயே கடல் சேரும் ஆற்றின் அணையும், எல்லை தாண்டிப் பாயும் தண்ணீரும் ஒன்றல்ல. அந்தச் சட்டம் இரண்டையும் ஒரே கயிற்றால் கட்டியது. எதிர்ப்பு அந்த இடத்தில் நின்றிருந்தால் நியாயம் இன்னும் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

பட்டியலில் இடம் பிடித்துவிட்டால் வேலை நடந்துவிடும் என்றும் இல்லை. ரயில் முழுக்க ஒன்றியத்தின் கையில் இருக்கிறது. அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்திய மதுரை–போடி ரயில், தேனிக்கு 2022 மே மாதமும் போடிக்கு 2023 ஜூனிலும்தான் திரும்ப வந்தது. பணத்திலும் மண்வெட்டி டெல்லியின் கையில்தான். ஜிஎஸ்டி மன்றத்தில் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். எல்லா மாநிலங்களும் ஒருபக்கம் நின்றாலும் ஒன்றியத்தை மீறி எதுவும் நிறைவேறாது.

1969இல் தமிழ்நாடு ராஜமன்னார் குழுவை அமைத்து, மாநிலங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னது. 1971இல் அறிக்கை வந்தது. வேறெந்த மாநிலமும் அவ்வளவு முன்னதாக அப்படி முறையாகக் கேட்கவில்லை. அந்தப் பெருமையோடுதான் ஒரு மனக்குறையையும் சொல்கிறேன். கெங்குவார்பட்டி ஒரு பேரூராட்சி. 1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தம் நகர அமைப்புகளுக்கு 18 இனங்களைப் பட்டியலிட்டது. ஆனால் அவற்றைக் கொடுப்பதும் கொடுக்காததும் மாநிலத்தின் விருப்பம். ஊரின் வகையே சென்னையின் ஓர் அரசாணைதான். கிராமங்களுக்கான ஒன்றிய நிதியைப் பெறுவதற்காக 2004இல் தமிழ்நாடு 561 பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றியது. 2006இல் மறுபடி பேரூராட்சிகள் ஆக்கியது. அதே தெரு, அதே வயல், அதே கூலி வேலை. ஊரகத்துக்கென்று 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் பேரூராட்சிக்குப் பொருந்தவில்லை என்பதால், வகையின் பெயர் யாருக்குக் கூலி உண்டு என்பதையே முடிவு செய்தது. அந்த மாற்றங்களைச் செய்தது டெல்லி அல்ல, சென்னை.

தேர்தல் இன்னும் கசப்பு. உள்ளாட்சிப் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. நடுவில் பேரூராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். 1976இல் சென்னையில் சட்டமன்றம் இல்லாதபோது நமக்கு நேர்ந்ததை நாம் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. சட்டமன்றம் இல்லாத அந்தக் காலம் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. வார்டுத் தெருவில் குழாய் நின்றுபோனால் போய்க் கேட்க ஒரு கவுன்சிலர் இல்லாமல் பேரூராட்சி மக்கள் இருந்தது ஐந்து ஆண்டுகளுக்கும் மேல்.